டி30 கேமராவில் கார்டும் லென்ஸும் பொருந்தாதது ஏன்?

வணக்கம். நீங்கள் வாங்கிய பழைய கேனன் இஓஎஸ் டி30 கேமரா 16 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஏற்கவில்லை என்றும், 18-55 மி.மீ. லென்ஸ் அதில் மாட்டவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கேமராவில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; இரண்டுக்கும் அதன் வயதே காரணம்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தக் கேமரா ஃபேட்16 என்ற, பொதுவாக 2 ஜிபி வரை மட்டுமே கையாளும் பழைய கோப்பு முறையில் அமைந்த கார்டுகளை மட்டுமே படிக்கும் என்பதால், 2 ஜிபி அல்லது அதற்கும் குறைந்த கார்டு ஒன்றைப் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். 3.1 மெகாபிக்சல் படங்களுக்கு அந்த இடம் தாராளம்.

லென்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் அழுத்தித் திருகிவிடாதீர்கள். அதன் பின்விளிம்பைப் பாருங்கள்: வெள்ளைச் சதுரக் குறி இருந்தால் அது 2003இல் 300டி கேமராவுடன் அறிமுகமான இஎஃப்-எஸ் வகை. அதன் பின்பகுதி உள்ளே நீண்டிருக்கும் என்பதால் கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியில் இடிக்க வாய்ப்புண்டு. டி30இன் லென்ஸ் மாட்டும் வளையத்தில் சிவப்புப் புள்ளி மட்டுமே உண்டு; அதே புள்ளி கொண்ட இஎஃப் லென்ஸே அதற்கு உரியது. என் தேர்வு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். சென்சார் 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியதாகையால் அது 80 மி.மீ. லென்ஸின் கோணத்தையே தரும். முகப் படங்களுக்கு அது மிக அருமையாக அமையும்.

இன்னொன்று: இதில் ஃபோகஸ் புள்ளிகள் மூன்றே. மங்கிய ஒளியில் அது தடுமாறினால், நடுப்புள்ளியைச் சட்டைக் காலர் போன்ற தெளிவான விளிம்பில் வைத்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு சட்டகத்தைச் சரிசெய்யுங்கள்.