'வெறும்' சேல்ஸ்மேன்

கேள்வி: என் மகன் ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் நாலு வருடமாக வெறும் சேல்ஸ்மேனாக இருந்தான். இந்த ஏப்ரலில் சம்பளம் ஏறவில்லை. பதிலாக 'ஏரியா பிசினஸ் மேனேஜர்' என்று பதவி கொடுத்து, விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்குக் கீழே ஆள் யாரும் இல்லை. பெண் பார்க்கும் நேரத்தில் இந்தப் பெயர் கௌரவமாக இருக்கிறது. அவன் எதிர்காலத்துக்கும் உதவுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் 'வெறும்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. வெறும் கலெக்டர் என்று யாரும் எழுதுவதில்லை. வெறும் டிரைவர், வெறும் கிளார்க், வெறும் சேல்ஸ்மேன் என்றுதான் எழுதுகிறோம். நாலு வருடம் வெயிலில் அலைந்து வீட்டுக்குப் பணம் கொண்டுவந்த பிள்ளையை, பெற்ற நீங்களே அப்படி எழுதலாமா? உங்களுக்கு இருக்கும் அந்தக் கூச்சம் கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒரு பெயரைக் கொடுத்துச் சம்பள உயர்வை நிறுத்த முடிந்தது. கார்டு அடிக்க என்ன செலவாகியிருக்கும்? ஒரு வருட இன்கிரிமென்ட் அவர்களுக்கு மிச்சம்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் நானும் ஒரு சோப்பு ஏஜென்சியில் இரண்டு வருடம் லைனுக்கு, அதாவது கடை கடையாக ஆர்டர் எடுக்கப் போனவன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவருக்கு அப்போதே ஐம்பது வயது தாண்டியிருக்கும். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கடைக்குள் போனதும் ஆர்டர் புத்தகத்தை எடுக்கமாட்டார். பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து, எங்கள் சரக்கு இருக்கும் தட்டைத் துடைப்பார். பழைய சரக்கை முன்னால் இழுத்து வைத்து, புதுசைப் பின்னால் தள்ளுவார். எலி கடித்தது, உறை கிழிந்தது இருந்தால் தனியே எடுத்து டேமேஜ் கணக்கில் எழுதிக்கொள்வார். அப்புறம்தான் வாயைத் திறப்பார்: "முதலாளி, இந்த வாரம் அரைப் பெட்டி போதும். போன வாரத்துதே நிக்குது." ஆர்டரைக் குறைக்கச் சொல்லும் சேல்ஸ்மேனை நான் அதுவரை பார்த்ததில்லை. மாதக் கடைசியில் டார்கெட் இடிக்கும்போது அதே கடைக்காரர்கள், அவர் கேட்காமலே ரெண்டு பெட்டி சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு கடையில் முதலாளி சாப்பிடப் போகும்போது கல்லாவில் அவரைத்தான் உட்காரவைத்துவிட்டுப் போவார். அவரிடம் கார்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. அவரை 'வெறும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

காசு கொடுத்து வாங்கும் கௌரவ டாக்டர் பட்டங்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியபோது சிலர் சந்தாவையே நிறுத்தினார்கள். அந்தக் கருத்திலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை. பட்டத்தின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. பழந்தமிழ் வேந்தர்கள் படைத்தலைவருக்கு ஏனாதி என்றும், சிறந்த வணிகருக்கு எட்டி என்றும் பட்டம் கொடுத்தார்கள். எட்டிப் பட்டத்தோடு பொன்னால் செய்த பூ வரும்; அதன் பெயர் எட்டிப்பூ. நிலமும் வரும், அது எட்டிப்புரவு. வணிகனைப் பெருமைப்படுத்த நினைத்த அரசன் பெயரோடு பொன்னையும் மண்ணையும் சேர்த்துக் கொடுத்தான். விற்பவனை ஊர் நடுவில் நிறுத்தி மரியாதை செய்த மொழியில்தான் நாம் இன்றைக்கு 'வெறும் சேல்ஸ்மேன்' என்று எழுதுகிறோம்.

பெண் பார்க்கும் பரபரப்பில் இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். விற்பனைக்காரர்களுக்கென்று இந்த நாட்டில் 1976-லேயே தனிச் சட்டம் வந்தது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் போராடிப் பெற்றது. நியமனக் கடிதமும் சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்தாக வேண்டும் என்றது. ஆனால் முதன்மையாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2020-ல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் விற்பனை ஊழியரைத் தொழிலாளி என்ற வரையறைக்குள் சேர்த்துக்கொண்டு, நிர்வாகத்தில் இருப்பவரை வெளியே நிறுத்தியது. இப்போது 'மேனேஜர்' என்ற சொல்லைத் திரும்பப் பாருங்கள். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால், 'இவர் நிர்வாகி, தொழிலாளி இல்லை; சட்டம் இவருக்குப் பொருந்தாது' என்று சொல்லிக் கம்பெனி வக்கீல் முதலில் நீட்டுவது அந்தக் கார்டைத்தான்.

நல்லவேளை, நீதிமன்றம் அதோடு நிற்பதில்லை. 1983-ல் எல்.ஐ.சி. டெவலப்மென்ட் ஆபீசர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பெயரில் ஆபீசர் இருந்தது. கீழே ஊழியர் இல்லை. ஏஜென்ட்டைத் தானே நியமிக்கும் அதிகாரம்கூட இல்லை. அவரும் தொழிலாளிதான் என்றது நீதிமன்றம். 1994-ல் ஒரு செருப்புக் கடை மேனேஜரின் வழக்கு. அவர் உண்மையிலேயே கடையை நிர்வகித்தார் என்பதால் தொழிலாளி இல்லை என்று தீர்ப்பானது. அதே வருடம் மருந்துப் பிரதிநிதிகள் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு 1983 தீர்ப்பு போன வழியை ஏற்கவில்லை. ஆனாலும் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. எனவே நியமனக் கடிதம், தினசரி ரிப்போர்ட், டார்கெட் சொல்லி வரும் மெயில் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அவன் என்ன வேலை செய்தான் என்பதற்கு அவைதான் சாட்சி.

சரி, பதவிப் பெயர் உதவுமா? சில இடத்தில் உதவும். பெரிய ஓட்டலின் பர்ச்சேஸ் பிரிவில் மேனேஜர் கார்டைப் பார்த்தால் சீக்கிரம் உள்ளே விடுவார்கள். அமெரிக்க முதலீட்டு வங்கிகளில் வைஸ் பிரசிடென்ட் என்பதே ஒரு நடுத்தட்டுப் பதவிதான். எதிரே உட்காரும் வாடிக்கையாளருக்குப் பெரிய ஆளிடம் பேசுகிறோம் என்ற நிறைவு வேண்டியிருக்கிறது. ஆனால் அடுத்த கம்பெனியின் நேர்முகத்தில் "உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்று சொல்லும்போது அந்தப் பெயரே அவனைக் கூனிக் குறுக வைக்கும். "பவானி, அந்தியூர் லைனை நான் எடுத்தபோது எங்கள் பொடி இத்தனை கடையில் இருந்தது, இன்றைக்கு இத்தனை கடையில் இருக்கிறது, வசூலாகாத பாக்கி இவ்வளவுதான்" என்று சொல்ல முடிந்தால் நிமிர்ந்து உட்காருவான். அந்தக் கணக்கை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு போய் நின்றுபோன சம்பள உயர்வையும் கேட்கட்டும்.

பெண் வீட்டாரிடம் கார்டை நீட்டாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு தெரியத்தான் போகிறது. மசாலாப் பொடி விற்கிறான், சம்பளம் இவ்வளவு என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பையன் எப்படி என்று விசாரிக்க வந்தால், அவன் நாலு வருடமாகப் போய்வரும் பவானிக் கடைகளில் கேட்கச் சொல்லுங்கள்.