ஓட்டிசத்தோடு மனநோயும் சேர்ந்த மகன்: வேலையை விடலாமா, வைப்புப் பணத்தை என்ன செய்யலாம்?

கேள்வி

ஐயா, நான் ஹட்டன் பகுதிப் பாடசாலையொன்றில் 21 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். வயது 46. கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மகனுக்கு 16 வயது. அவனுக்கு ஓட்டிசம் இருப்பது ஐந்து வயதிலேயே தெரியும். விசேட கல்வி அலகில் படித்தான். தன் வேலைகளைத் தானே செய்துகொள்வான். கடந்த ஆண்டு அவனுக்கு உறக்கம் கெட்டது. சோற்றில் யாரோ எதையோ கலப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளினான். ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பதில் பேசினான். பேராதனையில் பல வாரங்கள் வாட்டில் இருந்தான். ஓட்டிசத்தோடு உளப்பிளவை நோயும் வந்திருப்பதாக வைத்தியர் கூறினார். இரண்டு மருந்துகளாலும் போதிய பலன் இல்லாததால் அடுத்த மாதம் குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கவிருக்கிறார்கள். வான் பிடித்துப் போய்வர ஒரு தடவைக்கு 15,000 ரூபா ஆகிறது.

பிடித்தங்கள் போக எனக்கு 68,000 ரூபா கிடைக்கிறது. வங்கியில் 14 இலட்சம் ரூபா நிலையான வைப்பு உண்டு. என் சங்கிலி தனியார் அடகுக் கடையில் 160,000 ரூபாவுக்கு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்க நினைக்கிறேன். பணத்தை மகன் பெயரில் ஒரு நிதிக் கம்பனியில் போட்டால் வட்டி அதிகம் என்கிறார் கணவர். மகன் பெயரில் மாதம் 6,000 ரூபா கட்டும் காப்புறுதியொன்றை முகவர் சொல்கிறார். மாமியார் 75,000 ரூபா செலவில் கழிப்புக் கழிக்க வேண்டும் என்கிறார். எங்களுக்குப் பின் அவனை யார் பார்ப்பார்கள் என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ஆசிரியை, ஹட்டன்

பதில்

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வேலையை விடாதீர்கள். பிள்ளையின் அருகில் இருக்கத் துடிக்கும் தாயிடம் இதைச் சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. ஆனால் உங்கள் மகனின் பிற்காலத்துக்கென உங்கள் குடும்பத்திடம் இன்று உள்ள மிகப் பெரிய சொத்து உங்கள் அரச நியமனம்தான். 60 வயதில் ஓய்வு பெற இன்னும் 14 ஆண்டுகள், அதாவது 168 மாதங்கள் இருக்கின்றன. சம்பள உயர்வு எதையும் சேர்க்காமல் இன்றைய 68,000 ரூபாவை வைத்துப் பார்த்தாலே அது ஒரு கோடியே 14 இலட்சத்தைத் தாண்டும். அதன் பின் ஓய்வூதியம் இருக்கிறது. அந்த ஓய்வூதியத்துக்கும் அப்பால், உங்கள் கடைசிக் கேள்விக்கான பதிலில் பெரும் பகுதி உங்கள் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது.

விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தோர்) மற்றும் அநாதைகள் ஓய்வூதியத்துக்கென மாதந்தோறும் உங்களிடம் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. பெண் உத்தியோகத்தர்களுக்கு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். பெற்றோர் மறைந்த பின் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்த உரித்து சாதாரணமாக 26 வயதோடு நின்றுவிடும். ஆனால் அந்த வயதுக்கு முன்பே, தானாக உழைத்து வாழ முடியாத அளவுக்கு இயலாமை ஏற்பட்டுவிட்டது என்பது மருத்துவ ரீதியாக உறுதிப்படுத்தப்பட்ட பிள்ளைக்கு அது ஆயுள் முழுவதும் தொடரக்கூடியது. ஆசிரியர்களிற் பலருக்கும் இந்த விதி தெரியாது. தெரிந்தவர்களும், பிள்ளைக்கு முப்பது வயதாகிப் பெற்றோரில் ஒருவர் போன பிறகுதான் ஓய்வூதியத் திணைக்களத்துக்கு ஆவணம் தேடத் தொடங்குகிறார்கள். அப்போது சிகிச்சையளித்த வைத்தியர் இடம் மாறியிருப்பார். கிளினிக் கொப்பி நம் ஊர் ஈரத்தில் பக்கத்தோடு பக்கம் ஒட்டி எழுத்துக் கரைந்திருக்கும்.

ஆகவே கோப்பை இப்போதே ஆரம்பியுங்கள். ஐந்து வயதில் கிடைத்த ஓட்டிச மதிப்பீட்டு அறிக்கை, விசேட கல்வி அலகின் கடிதம், வாட்டிலிருந்து வரும்போது தந்த நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தினதும் பிரதி ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு தொகுதியை உங்கள் வீட்டிலும் இன்னொன்றை நம்பிக்கையான வேறொரு வீட்டிலும் வையுங்கள். விசேட வைத்திய நிபுணரிடம் நெரிசல் குறைந்த ஒரு நாளில் கடிதமொன்றும் கேளுங்கள். அதில் ஓட்டிசமும் உளப்பிளவை நோயும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் தொடங்கிய காலத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓட்டிசம் பிறவியோடு வரும் வளர்ச்சி வேறுபாடு. மற்றையது பதின்ம வயதில் வந்து சேர்ந்த நோய். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் புதிய அறிகுறிகளையும் பழைய பெயருக்குள்ளேயே அடக்கிவிடுவது பல இடங்களிலும் நடக்கிறது. அதனால் சிகிச்சை பிந்துவதோடு, பின்னர் இயலாமையை உறுதிப்படுத்தும் மருத்துவ சபையின் முன் வைக்கும் ஆவணமும் பலவீனப்படுகிறது. மகளின் கல்யாணப் பேச்சுக்குத் தடையாகிவிடும் என்று அஞ்சி நோயின் பெயரே எழுத்தில் வராமல் பார்த்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். நாளை அவன் தேறி ஒரு வேலைக்குப் போனால் அந்தக் கோப்புக்குத் தேவையே இருக்காது. அதைவிட மகிழ்ச்சி வேறென்ன? இதற்கிடையில் அவனுக்குத் தேசிய அடையாள அட்டை எடுத்திராவிட்டால் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பியுங்கள். உங்கள் ஓய்வூதியப் பதிவில் பிள்ளைகள் இருவரின் விபரமும் சரியாக இருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் பாருங்கள்.

ஓர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். மகன் கொந்தளிக்கும் நாட்களில் பாடசாலைக்கு அறிவிக்காமலே நின்றுவிடத் தோன்றும். அரச சேவையில் அறிவிக்காமல் நிற்பது பதவியை வறிதாக்கியதாக, அதாவது நீங்களே வேலையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். அப்படியானால், தானாக எழுதிக் கொடுத்து விலகியவருக்குப் போலவே ஓய்வூதிய உரித்தும் போய்விடும். எந்த நெருக்கடியிலும் அன்று காலையிலேயே அதிபருக்கு ஒரு தகவலும், பின்னர் எழுத்தில் லீவு விண்ணப்பமும் போகட்டும். தேவைப்பட்டால் சம்பளமற்ற லீவு கேளுங்கள். மருத்துவக் காரணத்தைக் காட்டி வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலைக்கு இடமாற்றமும் கேளுங்கள். ஆனால் விலகல் கடிதத்தில் மட்டும் கையொப்பமிடாதீர்கள்.

அப்படியானால் பகலில் பிள்ளையைப் பார்ப்பது யார்? என் கணிப்பில் அந்தப் பொறுப்பு கணவருடையது. நீங்கள் பாடசாலையிலிருந்து வரும் வரை அவர் வீட்டில் இருந்து, பிற்பகலிலும் மாலையிலும் வண்டி ஓட்டலாம். காலை ஓட்டத்தின் வருமானம் குறையும். ஆனால் அது உங்கள் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் இழப்பதற்கு ஈடாகாது. உறவுக்காரப் பெண் ஒருவர் உதவிக்கு வந்தால் அவருக்கு மாதம் ஒரு தொகையைப் பேசிக் கொடுங்கள். சும்மா வந்து பார்ப்பவர் எத்தனை நாள் பார்ப்பார்? காசு வாங்கும் உறவினரிடம்தான் மருந்து நேரத்தையும் கண்டிப்பாகச் சொல்ல முடியும்.

இனி குளோசபின். அரச கிளினிக்கில் மருந்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. செலவு பயணத்தில்தான் இருக்கிறது. இந்த மருந்து சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடுவதால், முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் பேராதனைக்கு வான் பிடித்தால் 18 தடவைக்கு 270,000 ரூபா, உங்கள் வைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமீபமான தொகை. எனவே மருந்து தொடங்கும் முன்பே வைத்தியரிடம், வாராந்த இரத்தப் பரிசோதனையை டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியாவிலோ செய்து முடிவைப் பேராதனைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டு, முடியுமென்றால் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கோயாவுக்குக் கணவரின் வண்டியிலேயே போய்விடலாம். பழகிய வண்டி, பழகிய ஆள், ஹோர்ன் சத்தமும் நெரிசலும் இல்லாத பயணம் என்பதால் மகனுக்கும் அது நல்லது. செலவை மிச்சம் பிடிக்கப் பரிசோதனையைத் தவறவிடுவதோ, மருந்தைத் திடீரென நிறுத்துவதோ கூடவே கூடாது. நள்ளிரவில் நிலைமை கைமீறினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம்.

14 இலட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதலில் சங்கிலியை மீட்டுவிடுங்கள். தனியார் அடகுக் கடை வட்டியைக் கட்டிக்கொண்டே வங்கி வைப்பில் வட்டி வாங்குவது கையில் உள்ளதைக் கரைப்பதாகும். உங்கள் பிடித்தங்களில் அரச ஊழியருக்கான இடர் கடன் இருந்தால் அதை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம், 4.2 வீத வட்டிக்கு வெளியில் யாரும் கடன் தரமாட்டார்கள். அடுத்து மூன்று இலட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். இந்த நோய் தணிந்து மீண்டும் தலைதூக்கும் இயல்புடையது. அந்த வாரங்களில் கணவரின் ஓட்டமும் நின்றுவிடும். மீதி ஒன்பது இலட்சத்துச் சொச்சத்தை மூன்றாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிர்வடையும் வைப்புகளாக, நீங்களும் கணவரும் சேர்ந்த கூட்டுக் கணக்கில், ஒருவர் இல்லாதபோது மற்றவர் எடுக்கக்கூடிய நிபந்தனையோடு போடுங்கள். வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 வீத வரி பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் பிரகடனப் பத்திரம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நீங்கள் இருவரும் அவரவர் வருமானத்தைக் கணக்கிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

நிதிக் கம்பனி வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். அது கைக்கு வரவும் காலம் எடுக்கும். மருந்துக்கும் பயணத்துக்கும் உரிய பணம் அப்படிக் காத்திருக்க முடியாது.

மகன் பெயரிலும் போடாதீர்கள். அவனுக்கு 18 வயது நிறைந்ததும் அந்தப் பணம் சட்டப்படி அவனுடையது. அவனுடைய கையொப்பம் இல்லாமல் நீங்கள் எடுக்க முடியாது. நோய் கூடிய நிலையில் அவன் கையொப்பமிட மறுத்தால், அல்லது யாராவது அவனை ஏமாற்றிக் கையொப்பம் வாங்கினால், மாவட்ட நீதிமன்றம் சென்று அவனுடைய சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கக் கோரும் நிலை வரும். முகவர் சொல்லும் திட்டத்துக்கும் என் பதில் அதுவே: மகன் உழைப்பவன் அல்லன். காப்புறுதி தேவைப்படுவது உழைக்கும் உங்கள் இருவரின் உயிருக்கு. சேமிப்புக் கலக்காத, இறப்புக்கு மட்டுமான காப்புறுதியைக் கேட்டால் அதே 6,000 ரூபாவுக்குள் பல மடங்கு தொகைக்குப் பாதுகாப்புக் கிடைக்கும்.

மாமியாரின் மனத்தை நோகடிக்க வேண்டாம். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, பேரனுக்காக அவர் வேண்டுவதில் பிழையில்லை. உங்களுக்கும் அது ஆறுதல் தரலாம். ஆனால் கழிப்புக்கு 75,000 ரூபா என்பது டிக்கோயா செல்லவும் உதவிக்கு வரும் பெண்ணுக்குக் கொடுக்கவும் தேவைப்படும் பல மாதக் காசு. புகையும் பறை ஒலியும் இரவு விழிப்பும் சத்தம் தாங்காத அந்தப் பிள்ளையை மேலும் கலக்கிவிடும் என்பதையும் கணவர் தன் தாயிடம் பக்குவமாகச் சொல்லட்டும்.

இயலாமையுள்ளோருக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது என்பதால் அதை நம்பி வரவுசெலவு போடாதீர்கள்; பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் மகனின் பெயரைப் பதிந்து மட்டும் வையுங்கள். இதே நிலையில் உள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இதற்குக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். அவர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வந்து, ஒரு கல்யாணத்தோடு கரைந்துவிடுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைக்கென முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

உங்களுக்குச் சொந்த வீடு இருந்தால் அதை மகளுக்கு எழுதும்போது உங்களுக்கும் கணவருக்கும் சீவிய உரித்தையும் (உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமை), மகனுக்கு அங்கே வசிக்கும் உரிமையையும் உறுதியில் சேர்க்குமாறு நொத்தாரிசிடம் கூறுங்கள். அதற்கு முன் மகளிடம் பேசுங்கள். தம்பியை அவள்தான் பார்ப்பாள் என்று நீங்களிருவரும் மனத்துக்குள் முடிவெடுத்திருக்கலாம். அவளிடம் யாராவது கேட்டீர்களா? அவள் படிப்பு முடித்து வேலைக்குப் போய்த் தன் குடும்பத்தையும் பார்க்க வேண்டியவள். எந்த அளவுக்குத் தன்னால் முடியும் என்று அவளே சொல்லட்டும். கணக்குகளை மட்டும் பார்க்கிறேன், கூட வைத்திருக்க முடியாது என்று அவள் சொன்னாலும் கோபப்படாதீர்கள். அந்த நிலையில், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அவளும் நீங்கள் நம்பும் இன்னொருவரும் இணைந்து பொறுப்பேற்கும் ஏற்பாடொன்றைச் செய்யலாம். மகனின் ஓய்வூதியமும் வைப்பு வட்டியும் எதற்குச் செலவாக வேண்டும், அவன் எதைச் சாப்பிடுவான், எந்தச் சத்தத்துக்கு அஞ்சுவான், எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் உங்கள் கையாலேயே எழுதி அந்தப் பத்திரத்தோடு வையுங்கள்.