அதே வாரம், அதே கடற்கரை. தண்ணீர் மட்டும் ஏன் மாறியது?

கேள்வி: வருடா வருடம் ஒரே தேதிகளில் குடும்பத்தோடு கடலோரத்தில் ஒரு வாரம் தங்குகிறோம். போன வருடம் காலை 10 மணிக்குப் பாறைமுனையைச் சுற்றி நடந்தபோது அகலமான மணல்வெளி இருந்தது. இந்த வருடமும் அதே நாள், அதே நேரத்துக்குத்தான் கிளம்பினோம். திரும்பும்போது முனையில் முழங்காலளவு தண்ணீர். எட்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு கடந்தோம். எங்கே பிசகினோம்?

பதில்: எல்லோரும் பத்திரமாகத் திரும்பினீர்களே, அதுவே பெரிய நிம்மதி. பிசகு நாட்காட்டியில் இருக்கிறது. நீங்கள் தேதி பார்த்துப் போனீர்கள். கடல் ஏறுவதும் வற்றுவதும் முக்கியமாக நிலாக் கணக்கு.

அமாவாசைக்கு அமாவாசை என்று பன்னிரண்டு சுற்று முடிய 354 நாள்தான் ஆகிறது. அதனால் அடுத்த வருடம் அதே தேதியில் பிறை சுமார் 11 நாள் முந்திப் போயிருக்கும். பெரும்பாலான கரைகளில் ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அப்படியானால் வற்றம் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகிறது. 11 நாளில் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல். போன வருடம் 10 மணிக்கு நல்ல வற்றம் என்றால், இந்த வருடம் அந்த நாளில் மாலை 7 மணி வாக்கிலும், அதற்கு முன் காலை 6.45 வாக்கிலும் வற்றியிருக்கும். நீங்கள் கிளம்பியபோது கடல் ஏறத் தொடங்கி மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது.

அதுதான் மோசமான நேரமும்கூட. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். கடலோடிகளின் தோராயக் கணக்கு இது. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி உயரம் ஏறிவிடுகிறது.

சரி, அடுத்த வருடத்துக்கு? அறை எடுக்கும் முன்பே அந்தக் கரைக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். பக்கத்து ஊர் அட்டவணை போதாது. கரையின் வளைவைப் பொறுத்து நேரம் மாறும். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்பி, வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முனையைத் தாண்டித் திரும்பிவிடுங்கள். கடலிலிருந்து கரைநோக்கிக் காற்று பலமாக அடித்தால் அட்டவணையில் உள்ளதைவிடத் தண்ணீர் மேலே வரும். அன்று அந்த நடையே வேண்டாம்.

அட்டவணையை மட்டும் நம்பாமல் கரையையும் பாருங்கள். காய்ந்த பாசி, சிப்பித் துண்டு, சுள்ளி எல்லாம் ஒரே கோடாக ஒதுங்கியிருக்கும். கடைசி ஏற்றம் அதுவரை வந்திருக்கிறது. அந்தக் கோடு குன்றின் அடியிலேயே முட்டினால், ஏற்றத்தின்போது அங்கே நிற்க மணலே இருக்காது. பாறையில் கையை வைத்துப் பாருங்கள்: கொட்டலசு என்ற சின்ன ஓட்டு உயிரி சொரசொரவென்று ஒட்டியிருக்கும் உயரம் வரை கடல் தவறாமல் வந்துபோகிறது.

மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குள் இறங்கிக் கடக்காதீர்கள். இந்த முறை செய்ததை மறுபடி செய்ய வேண்டாம். கொட்டலசுக்கும் பாசிக்கோட்டுக்கும் மேலே எளிதாக ஏறக்கூடிய மேடு இருந்தால் அங்கே நின்று அவசர உதவியை அழையுங்கள். செங்குத்துக் குன்றில் தொற்றி ஏறுவது இன்னும் ஆபத்து.

காற்றடைத்த மிதவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியற்காலையில் பெரும்பாலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கரையோரம் அலையே இல்லாமல் அழகாகத் தெரியும் அந்த நேரத்தில்தான் மிதவை சத்தமில்லாமல் வெளியே போய்விடுகிறது. குழந்தையை அதில் ஏற்றாதீர்கள்.

அப்புறம், அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் வழக்கத்தைவிட அதிகம் உள்வாங்கும். உங்கள் வாரம் அதில் விழுந்தால், பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நண்டும் குட்டி மீனும் பார்க்க மகளைக் கூட்டிப் போங்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அதன் அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் காய்ந்துவிடும்.