காத்திருக்கும் புத்தகங்கள்: வாசகர் கேள்வி பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் நான்கு, வீட்டில் படிக்கப்படாமல் சேர்ந்துவிட்ட புத்தகங்களைப் பற்றியவை. நான்கும் கொங்கு நாட்டிலிருந்தே வந்திருப்பதால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக அலமாரிகளை ஒழித்தபோது, வாங்கி வைத்து இன்னும் படிக்காத புத்தகங்களைத் தனியே எடுத்து எண்ணிப் பார்த்தேன், 212 இருந்தன. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் போகிறேன். போனால் 15 புத்தகங்களுக்குக் குறையாமல் வாங்கி வந்துவிடுகிறேன். ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் அடுக்கு குறையவில்லை. அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம், கடன் கொடுத்தவர் வீட்டு வாசலைக் கடப்பது போல மனம் குன்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு புத்தகத்துக்கு 250 பக்கம் என்றும், நிதானமாகப் படிப்பவருக்குப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றும் வைத்துக்கொண்டால், நாள்தோறும் அரை மணி நேரத்தில் 15 பக்கம் நகரும். ஒரு புத்தகம் முடிய 17 நாள், ஓராண்டுக்கு ஏறத்தாழ 21 புத்தகம். இனி ஒன்றுகூட வாங்காவிட்டால் 212 புத்தகங்களுக்குப் பத்தாண்டு போதும். ஆண்டுக்கு 15 வாங்கிக்கொண்டே இருந்தால் உண்மையில் குறைவது ஆறுதான். அப்போது 35 ஆண்டுகள் வேண்டும். தங்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் படித்து முடித்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் இறக்கி வைத்தால்தான், இவற்றுள் எனக்கு வேண்டியது எது என்று அமைதியாகப் பார்க்க முடியும்.

கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. கிளை நூலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் அந்த விதியைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பல ஆண்டுகள் யாரும் தொடாதிருந்த ஒரு பயிர்ப் பாதுகாப்பு நூல், மஞ்சள் காட்டில் கிழங்கழுகல் கண்டு கலங்கி வந்த ஒரு விவசாயியின் கைக்குப் போன அன்று, அவருக்காகத்தான் அது இத்தனை நாள் காத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. தங்கள் வீட்டில் உள்ள 212 புத்தகங்களுக்கும் தாங்களே வாசகராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவற்றுள் சில, பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டிருந்த ஆசிரியை வாங்கியவையாக இருக்கலாம். சில, பிள்ளைக்குத் தேர்வு நெருங்கிய ஆண்டில் ஒரு தாய் வாங்கியவையாக இருக்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டது. அவற்றைப் படிக்காதது தங்கள் குற்றமும் அன்று, அந்தப் புத்தகங்களின் குறையும் அன்று.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, அத்தனையையும் இறக்கிப் பரப்புங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முன்னுரையை விட்டுவிட்டு, முதல் பக்கத்தையும் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தையும் படியுங்கள். அந்த இரண்டு பக்கங்களே அடுத்த பக்கத்துக்கு இழுத்தால் அதை வலப்புறம் வையுங்கள். இழுக்கவில்லை, ஆனாலும் விட மனமில்லை என்றால் அது அலமாரிக்கே திரும்பட்டும். இரண்டும் இல்லாதது பிறருக்குப் போக வேண்டியது. ஒரே நாளில் இது முடியாது. மூன்று நான்கு ஞாயிறுகள் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

இந்தப் பிரிப்பில் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். நான் என் வீட்டு அலமாரியை இப்படிப் பிரித்தபோது, ஒரு பயண நூலின் 43ஆம் பக்கத்தில் தாராபுரத்திலிருந்து கோவைக்குச் சென்ற பேருந்துச் சீட்டு ஒன்று, எழுத்து மங்கி, மடிப்பு கலையாமல் இருந்தது. என் தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருந்த வாரத்தில் போகவர அதைப் படித்திருக்கிறேன். அவர் காலமானபின் தொடவே இல்லை. புத்தகம் பிடிக்காமல் நின்றுவிட்டது என்றே அத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன். அன்று மாலை அந்த 43ஆம் பக்கத்திலிருந்தே தொடர்ந்தேன். ஒன்பது நாளில் முடிந்தது. பாதியில் நின்ற புத்தகங்களைத் தாங்களும் தனியே எடுத்து, எதனால் நின்றது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பல, நம் வாழ்க்கையில் ஏதோ ஒன்று குறுக்கிட்டதால் நின்றவையாக இருக்கும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் கதை புரியுமா, முதலிலிருந்து படிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பெருந்துறையை அடுத்த விசயமங்கலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கொங்குவேளிர் இயற்றிய, உதயணன் வரலாற்றைச் சொல்லும் பெருங்கதை என்னும் காப்பியத்தை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தபோது, அதன் முதலும் இல்லை, முடிவும் இல்லை, இன்றும் கிடைக்கவில்லை. உதயணன் கதையை நாம் நடுவிலிருந்துதான் படிக்கிறோம், சுவை குறையவில்லை. கட்டுரை நூல்களையும் தன்வரலாறுகளையும் இடையிலிருந்து தொடங்குவதில் எந்தத் தவறும் இல்லை. துப்பறியும் நாவல்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

வலப்புறம் சேர்ந்த புத்தகங்களிலிருந்து பத்தை மட்டும் எடுத்துத் தாங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு அருகில் வையுங்கள். மற்றவை கண்ணில் படாமல் அலமாரிக் கதவுக்குப் பின்னே இருக்கட்டும். பத்தில் முதலாவது, 150 பக்கத்துக்கு மேற்படாத மெல்லிய புத்தகமாக இருப்பது நல்லது. ஐந்து பாகம், ஆறு பாகம் என்று நீளும் நாவல்களை முதலில் தொடாதீர்கள். முதல் பாகத்தின் பாதியிலேயே மாதம் கடந்துவிடும். மீண்டும் மனம் சோரும். பழைய மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தை இரவில் மின்விளக்கில் படிப்பதைத் தவிர்த்து, காலை வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி திண்ணையிலோ சன்னலருகிலோ உட்காருங்கள். பால் காய்ச்சி இறக்கியதற்கும் சமையல் தொடங்குவதற்கும் இடையே ஓர் அரை மணி நேரம் எல்லா வீட்டிலும் உண்டு; அதை நாளிதழுக்கு முழுவதும் கொடுத்துவிடாமல் புத்தகத்துக்குப் பாதியாவது கொடுங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். புத்தகத் திருவிழாவில் ஆசைப்பட்டு வாங்கிய நாவல்கள் அப்படியே இருக்கின்றன. இரவு படுத்துக்கொண்டு எடுத்தால் இரண்டு பக்கத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. எனக்குப் படிக்கும் தகுதியே போய்விட்டதோ என்று வருத்தமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் திரும்புகிற உடம்புக்குத் தூக்கம் வருவதுதான் நியாயம். அதைத் தகுதிக் குறைவு என்று நினைப்பது தங்களுக்குத் தாங்களே செய்யும் அநீதி. இப்போதைக்கு நாவல்களை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்கக் கதை ஒன்றை மதிய இடைவேளையில் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். முடித்தோம் என்ற நிறைவு அன்று மாலைவரை உடன் வரும். சரக்கு அனுப்பும் அவசரத்தில் இரவு வேலையும் சேரும் வாரங்களில் ஒன்றும் படிக்க வேண்டாம். தீபாவளி விடுமுறையில் ஊர் அடங்கிக் கிடக்கும் நாட்கள் இருக்கின்றன; நாவல்களை அந்த நாட்களுக்கு வைத்திருங்கள்.

கேள்வி: காலமான எங்கள் தந்தையார் விட்டுச் சென்ற புத்தகங்கள் இரண்டு மரப் பெட்டிகளிலும் ஓர் இரும்பு பீரோவிலும் உள்ளன. வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து அவரே பைண்டு செய்து வைத்தவையும் உண்டு. நான் இவற்றில் எதையும் படித்ததில்லை. சிலவற்றைப் பூச்சி அரித்திருக்கிறது. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை.
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: அண்ணனிடம் மூன்று மாதம் தவணை கேளுங்கள் அம்மா, எடைக்குப் போவதை நிறுத்துவதே முதல் வேலை. தொடர்கதை பைண்டுகளை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். புத்தகமாக வெளிவந்த நாவலில் இல்லாத வகையில், அந்த வார இதழ்ப் பக்கங்களில் கதைக்கு வரைந்த ஓவியங்களும், ஓரத்து விளம்பரங்களும், அந்தக் காலத்து விலைகளும் சேர்ந்தே இருக்கின்றன. தங்கள் தந்தையார் ஒவ்வொரு வாரமும் இதழ் வரக் காத்திருந்து, கத்தரித்து, வரிசை பிறழாமல் அடுக்கித் தைத்திருக்கிறார். அவர் எதை விரும்பிப் படித்தார் என்பதை அறிய அதைவிட நேரான வழி இல்லை. முதலில் படிக்க வேண்டியதும் அவற்றுள் ஒன்றுதான்.

இனி பூச்சி. துளை ஒரே நேராக அட்டையிலிருந்து உள்ளே பல தாள்களைக் கடந்து போயிருந்தால் அது இராமபாணம் எனப்படும் பூச்சியின் வேலை. தாளின் மேற்பரப்பும் அட்டையின் பசையும் சுரண்டப்பட்டிருந்தால் அது வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் சிறு பூச்சி. அதற்கு ஈரமும் மாவுப் பசையும் இருந்தால் போதும். பைண்டு செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். மண் ஒட்டிக்கொண்டு தாள் தாளாக அரிக்கப்பட்டிருந்தால் அது செல், அதாவது கரையான். அப்போது புத்தகத்தைத் துடைத்துப் பயனில்லை, சுவரையும் தரையையும் பார்க்க வேண்டும்.

புத்தகங்களை வெளியே எடுத்து மெல்லிய தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தூசி தட்டுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள். மலிவான தாளில் உள்ள மரக்கூழ்ப் பொருள் வெளிச்சம் பட்டால் விரைவில் பழுத்து ஒடியத் தொடங்கும். காற்றோட்டமுள்ள நிழலே போதும். ஆனால் ஆடிக் காற்றில் இதைச் செய்ய வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் அந்தக் காற்று உடுமலைப் பக்கத்தில் எவ்வளவு புழுதியைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது தங்களுக்கே தெரியும். பூச்சி இருப்பதாக ஐயம் உள்ளவற்றைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரை குளிரும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுதும் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் ஈரம் படியும். அந்துருண்டையின் ஆவி மூச்சுக்கு நல்லதன்று. நாள்தோறும் கையில் எடுக்கும் புத்தகங்களிடையே அதைப் போடாதீர்கள். மரப் பெட்டிகளைவிட, சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்த இரும்பு அலமாரியே நல்லது.

எஞ்சியவற்றில் பழைய அச்சு நூல்கள் இருந்தால், பதிப்பாண்டையும் பதிப்பகத்தையும் குறித்து ஒரு பட்டியல் எழுதி, சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களிலிருந்து எழுந்த நூலகம் அது. நல்ல நிலையில் உள்ள பொதுவான நாவல்களை உங்கள் ஊர்க் கிளை நூலகம் ஏற்கும். ஆனால் முன்கூட்டியே நூலகரிடம் பேசாமல் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள். இடம் இல்லாத நூலகத்தில் அவை மீண்டும் மூட்டையாகவே கிடக்கும். அந்த நிலையை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: படிக்காதவை தீரும்வரை புத்தகத் திருவிழாவுக்கே போகக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறேன். சென்ற முறை, வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு நாவலை மறந்து இரண்டாவது முறையும் வாங்கி வந்துவிட்டேன். என் முடிவு சரிதானே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை ஐயா. மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் தொடங்கிய திருவிழா தங்கள் ஊரிலேயே நடக்கும்போது, போகாமல் இருப்பது தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்வதாகும். போங்கள், மாலைச் சொற்பொழிவைக் கேளுங்கள், பிள்ளைகள் உண்டியல் காசைக் கொட்டி எண்ணிப் புத்தகம் வாங்குவதைப் பாருங்கள். வீட்டு அலமாரியைத் தட்டுத் தட்டாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் இரட்டைப் படியும் வராது. பத்து விழுக்காடு கழிவு கிடைக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இரண்டு புத்தகம் படித்து முடித்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கலாம் என்பது நான் கைக்கொள்ளும் அளவு.

இரண்டாவது படி வந்துவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் பவணந்தி முனிவர், நன்னூலில் பாடம் பயிலும் முறையைச் சொல்லும்போது, உடன் பயில்வோரோடு பழகுவதையும், ஒருவரையொருவர் வினாவுவதையும், வினாவியவற்றுக்கு விடை சொல்வதையும் சேர்த்தே சொல்கிறார். அந்த இரண்டாவது படியைப் பக்கத்துத் தெருவில் உள்ள நண்பர் ஒருவரிடம் கொடுத்து, இன்ன தேதிக்குள் இருவரும் முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்துவிடுவது என்று பேசி, அன்று மாலை தேநீர்க் கடையில் சந்தியுங்கள். நண்பர் கேட்பாரே என்ற எண்ணத்திலேயே முதல் நாள் இரவு தாங்கள் அந்தப் புத்தகத்தை எடுத்துவிடுவீர்கள்.