வெட்டிய அடைமொழிகள்

கேள்வி: அமெரிக்கப் புறநகர்களைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரையில் 'அச்சில் வார்த்த வீடுகள்', 'உயிரற்ற தெருக்கள்', 'ஆன்மா இல்லாத பரப்பு', 'முகமற்ற மனிதர்கள்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டீர்கள். பார்க்கவே சலிப்பூட்டும் ஓர் இடத்தை வேறு எப்படித்தான் எழுதுவது? புறநகர்களுக்கு வக்காலத்து வாங்குகிறதா உங்கள் இதழ்?

பதில்: வக்காலத்து வாங்கவில்லை. உங்கள் கட்டுரையில் பதினோர் அடைமொழிகளை வெட்டினேன்; ஒரு தகவலைக்கூட வெட்டவில்லை. மிஞ்சியது ஒன்றரைப் பக்கம்தான் என்றால் அதற்கு நான் பொறுப்பல்ல.

உங்கள் முதல் குற்றச்சாட்டு, வீடுகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது. இருக்கட்டுமே! இங்கிலாந்தின் பாத் நகரில் 1767 முதல் 1774 வரை கட்டப்பட்ட ராயல் கிரசென்ட் என்ற பிறை வடிவ வரிசையில் 30 வீடுகள், அத்தனைக்கும் ஒரே முகப்பு. பாரிஸில் ஓஸ்மான் என்ற நகர நிர்வாகி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய பெருஞ்சாலைகளில் ஒரே உயரம், ஒரே நிறக் கல், ஒரே பால்கனி வரிசை. அங்கே போய்வந்தவர் எவரும் 'அச்சில் வார்த்தது' என்று முகம் சுளிப்பதில்லை, 'என்ன ஒழுங்கு!' என்று வியக்கிறார்கள். சீமான் வீட்டு வரிசை என்றால் ஒழுங்கு, குமாஸ்தா வீட்டு வரிசை என்றால் சலிப்பு. இந்தச் சொற்கள் கட்டடத்தைப் பார்க்கும் முன்பு குடியிருப்பவரின் சம்பளத்தைப் பார்த்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் இது பழைய நோய். ஷேக்ஸ்பியர் காலத்தில் லண்டன் மதிலுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு விபசார விடுதிகளால் கெட்ட பெயர். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் போர்ஷியா, உன் மனத்தின் புறநகரில்தான் எனக்கு இடமென்றால் நான் மனைவியல்ல, வேசி என்று கணவனிடம் பொருமுகிறாள். (நம் இளங்கோவடிகளோ மதுரைக்கு வெளியே அறவோர் வாழ்ந்த புறஞ்சேரியில் கண்ணகியைத் தங்கவைத்தார். இது நிற்க.)

நீங்கள் உதாரணம் காட்டிய லெவிட்டவுனுக்கு வருகிறேன். நியூயார்க்கின் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் 1947இல் தொடங்கி 1951க்குள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு முப்பது வீடுகள். கூரைகளின் ஒற்றுமையைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறீர்கள். தொடக்ககால ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனையைப் பற்றி ஒரு வரி கிடையாது. வெள்ளை இனத்தவர் அல்லாதோர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த ஊரில் திட்டமிட்டுச் செய்த 'ஒரே மாதிரி' இதுதான். கூரையை மக்கள் பிறகு மாற்றிக்கொண்டார்கள். மாடி எழுப்பினார்கள், அறை சேர்த்தார்கள். இன்று பழைய வடிவம் மாறாத வீட்டை அங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

'முகமற்ற மனிதர்கள்' எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. 1962இல் மால்வினா ரெனால்ட்ஸ், கலிபோர்னியாவின் டேலி சிட்டியில் குன்றின்மேல் அடுக்கிய வீடுகளைப் பார்த்து, அவற்றைச் சின்னப் பெட்டிகள் என்று பாடினார். கெட்டிக்காரத்தனமான பாட்டு. வீட்டில் தொடங்கி, அதில் வாழும் மருத்துவரும் வழக்கறிஞரும்கூட ஒரே வார்ப்பு என்று முடிந்துவிடுகிறது. பாட்டுக்கு அந்தத் தாவல் அழகு, கட்டுரைக்கு ஆதாரம் வேண்டும். ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் 1958இல் நியூ ஜெர்சியில் உருவான இன்னொரு லெவிட்டவுனில் வீடு வாங்கி, இரண்டு ஆண்டு குடியிருந்து பார்த்தார். ஒரே மாதிரி வீடு மனிதர்களை ஒரே மாதிரி ஆக்கிவிடவில்லை என்று 1967இல் தன் நூலில் எழுதினார். நீங்கள் அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள்?

புறநகரைத் திட்டவே கூடாதா? தாராளமாகத் திட்டுங்கள். 1955இல் இயன் நேர்ன் என்ற இளைஞர் பிரிட்டிஷ் கட்டடக்கலை இதழொன்றில் திட்டிய திட்டு இன்றும் சூடு ஆறவில்லை. சவுத்தாம்ப்டனிலிருந்து கார்லைல் வரை காரில் போனார். கான்கிரீட் விளக்குக் கம்பம், கம்பி வேலி, வழியெங்கும் பலகைகள் என்று கண்ணில் பட்டதைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். இப்படியே போனால் சவுத்தாம்ப்டனின் முடிவும் கார்லைலின் தொடக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்றார். புறநகரையும் கற்பனைப் பொன்னுலகையும் ஒட்டி 'சப்டோபியா' என்று ஒரு சொல்லே உருவாக்கினார். கடன் வாங்கிய வசையல்ல அது.

திட்ட வேண்டிய இடம் வேறு ஒன்றும் உண்டு. 1926இல் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எந்த மண்டலத்தில் எந்தக் கட்டடம் வரலாம் என்று உள்ளாட்சி வகுப்பது செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு, தனி வீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணி என்றே வர்ணித்தது. வீடு ஓரிடம், கடை ஓரிடம், அலுவலகம் ஓரிடம் என்று பிரித்து, இடையே காரைத் தவிர வேறு வழியில்லாமல் செய்த விதிகளுக்கு அந்தத் தீர்ப்பு பலம் கொடுத்தது. நீங்கள் சலித்துக்கொள்ளும் பரப்பு பிறந்தது ரசனைக் குறைவால் மட்டுமல்ல. வசைச் சொல்லோடு வந்த சட்டத்தாலும்தான். கட்டுரையில் யூக்ளிட் இல்லை. 'ஆன்மா' நான்கு முறை இருந்தது.

இன்னொன்று. ஆறாம் பத்தியைத் திரும்பப் பாருங்கள். 'நடைபாதை இல்லாத தெரு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கை வைக்கவில்லை. 'ஆன்மா இல்லாத' போயிற்று, 'நடைபாதை இல்லாத' நின்றது. நடைபாதை இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்தத் தெருவில் ஒரு கிழவி பால் வாங்க எப்படிப் போகிறாள் என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.