பத்தே வருடம் என்றார்கள்

கேள்வி: சீனத் தொழிலாளர்கள் நுழையக் கூடாது என்று அமெரிக்கா 1882இல் போட்டது ஒரு தற்காலிகச் சட்டம்தானே? அதை ஏன் இன்னும் பெரிதாகப் பேசுகிறார்கள்? அதற்கு மன்னிப்பாவது கேட்டார்களா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ‘தற்காலிகம்’ என்று சொன்னதால்தான் அந்தச் சட்டமே நிறைவேறியது. முதலில் வந்த மசோதா 20 வருடத் தடை கேட்டது. ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் அதைத் திருப்பி அனுப்பினார், 10 வருடம் என்று குறைத்துக் கொண்டுவந்ததும் கையெழுத்துப் போட்டார். 1892இல் இன்னொரு 10 வருடம் நீட்டினார்கள், 1902இல் மறுபடியும் நீட்டினார்கள், 1904இல் கால வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஒழிந்தது 1943இல்தான். அதுவும் ஜப்பானுக்கு எதிரான போரில் சீனா கூட்டாளியாக வேண்டியிருந்ததால். பத்து வருடம் என்றது 61 வருடமாக நீண்டது. அதற்குப் பிறகும் வருடத்துக்கு 105 பேர்தான் வரலாம் என்று வைத்தார்கள். சியரா நெவாடா மலையைக் குடைந்து, பனியில் செத்து, ரயில் பாதை போட்டுக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பாதை 1869இல் முடிந்தது, பதிமூன்றே வருடத்தில் அவர்கள் வேண்டாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

‘சட்டப்படி வந்தால் யார் தடுக்கப்போகிறார்கள்’ என்று இந்தப் பக்கத்துக்கு விடாமல் எழுதும் நண்பர்களோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. அவர்கள் சாய் சான் பிங் கதையைப் படிக்க வேண்டும். 1875இலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தொழிலாளி. 1887இல் ஊருக்குப் போகும் முன் ‘திரும்பி வரலாம்’ என்று அமெரிக்க அரசு தந்த சான்றிதழை முறைப்படி வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். மறு வருடம் திரும்பி வரும்போது அவர் நடுக்கடலில் இருக்க, அமெரிக்காவில் அக்டோபர் 1ஆம் தேதி ஸ்காட் சட்டம் வந்து அத்தனை சான்றிதழ்களையும் செல்லாக் காசாக்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் துறைமுகத்துக்கு வந்தவரை இறங்க விடவில்லை. இப்படி வெளியில் மாட்டிக்கொண்டவர்கள் சுமார் 20,000 பேர். இவர்களில் யார் எந்தச் சட்டத்தை மீறினார்கள், சொல்லுங்கள்!

1892 நீட்டிப்பு இன்னும் மோசம். ஜியரி சட்டம் என்று பெயர். உள்ளே இருக்கிற ஒவ்வொரு சீனத் தொழிலாளியும் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லாமல் பிடிபட்டால் நாடு கடத்தல். சான்றிதழ் வாங்காததற்குத் தக்க காரணம் இருந்தாலும், சட்டம் வரும்போது இங்கேதான் இருந்தேன் என்று நிரூபிக்க ஒரு வெள்ளைக்காரராவது சாட்சி சொல்ல வேண்டும். பல்லாயிரம் பேர் பதிவு செய்யவே மாட்டோம் என்று ஒன்றாக நின்றார்கள். 1893இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அப்புறம் 1906 பூகம்பம். சான் பிரான்சிஸ்கோவில் பிறப்புப் பதிவுகள் தீயில் போயின. நான் இங்கேயே பிறந்த குடிமகன், இவன் என் மகன் என்று காகிதத்தில் உறவு உண்டாக்கிப் பலர் உள்ளே வந்தார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேறு கதவையே அவர்களுக்கு வைக்கவில்லையே. இதைப் பிடிக்க சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவில் விசாரணை நடந்தது: உன் வீட்டு வாசலில் எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? அப்பா ஒன்று சொல்லி மகன் வேறு சொன்னால் கப்பல் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சிலர் மாதக்கணக்கில் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். மரச்சுவரில் அவர்கள் செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் மகனோ மகளோ இருக்கிற வாசகர்கள் போகும்போது பாலத்தைப் பார்த்தது போதும் என்று திரும்பிவிடாமல் படகு பிடித்து அந்தத் தீவுக்கும் போய் வாருங்கள். இது அடுத்த வீட்டு வழக்கும் இல்லை. 1917இல் அதே கதவை இந்தியர்கள் மேலும் சாத்தினார்கள், 1946இல் திறந்தபோது நமக்குக் கிடைத்தது வருடத்துக்கு 100 இடம்.

மன்னிப்பு பற்றிக் கேட்டீர்கள். உள்ளே வரும் சீனர்களிடம் ஆளுக்கு 500 டாலர் வரை தலைவரி பிடுங்கிய கனடா 2006இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு 20,000 டாலர் கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2011லும் 2012லும் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டன, பணம் தரவில்லை. சாய் சான் பிங்குக்கு எதிராக 1889இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, அந்நியரை வெளியே நிறுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்கிறதே, அதை மட்டும் இன்றுவரை ரத்து செய்யவில்லை. குடியேற்ற வழக்குகளில் அரசு வக்கீல்களுக்கு அது இன்னமும் உதவிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பேசுகிறார்கள்.