ஞாயிறு காலை கதவைச் சுரண்டும் நாயும் பாடப்புத்தகத்தில் படுக்கும் பூனையும்

கேள்வி: வீட்டில் நானும் கணவரும்தான். 2 வயது நாய் ஒன்று, பூனைகள் இரண்டு. வார நாட்களில் வேலைநேரம் மாறிமாறி வருவதால் எங்களில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் ஆராதனைக்குப் போய்விட்டு 3 மணி நேரம் கழித்துத் திரும்புவோம். அதற்குள் நாய் வாசல்கதவைச் சுரண்டி, ஊளையிட்டு, அக்கம்பக்கத்தாரிடம் எங்களுக்கு ஏச்சு வாங்கித் தருகிறது. கணவர் வந்ததும் அதைத் திட்டுவார். நான் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பும் படிக்கிறேன்; இன்னும் 3 மாதத்தில் தேர்வு. படிக்க உட்கார்ந்தால் ஒரு பூனை புத்தகத்தின்மேல் ஏறிப் படுக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு இரண்டும் சேர்ந்து எழுப்புகின்றன. புதன் மாலை கணவருக்குப் பாடகர் குழுப் பயிற்சி, வெள்ளி மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் அவர். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சைத் தேர்வு முடியும்வரை ஒத்திவையுங்கள். உங்கள் நாய் வாரம் முழுக்கத் தனியாக இருந்து பழகுவதே இல்லை. ஞாயிறு வந்ததும் ஒரேயடியாக 3 மணி நேரம் தனிமை. அதற்கு முன்பு வீட்டில் குளியல், இஸ்திரி, சாவி தேடல் என்று ஒரே அமளி. அதற்குப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

முதலில் அது பயமா, சலிப்பா என்று பாருங்கள். அடுத்த ஞாயிறு கிளம்பும்போது பழைய கைபேசி ஒன்றை நாயை வீடியோ எடுக்கும்படி வைத்துவிட்டுப் போங்கள். சலித்த நாய் பெரும்பாலும் சிறிது நேரம் தூங்கிவிட்டுப் பிறகுதான் செருப்பைத் தேடும். பயந்த நாய் நீங்கள் போன முதல் அரை மணி நேரத்திலேயே நடைபோடும், எச்சில் வடிக்கும், கதவோரத்தைச் சுரண்டும். வைத்துவிட்டுப் போன தின்பண்டத்தைத் தொடாது. நீங்கள் எழுதியிருப்பது பயம் போலத்தான் தெரிகிறது. அப்படியானால் திரும்பி வந்ததும் திட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 3 மணி நேரத்துக்கு முன்பு சுரண்டியதற்கு இந்தத் திட்டு என்று அதற்குப் புரியாது. நீங்கள் திரும்பி வருவதே பயப்பட வேண்டிய விஷயம் என்றுதான் பதியும். காதும் வாலும் தாழ்த்தி நிற்பதைப் பார்த்து ‘தப்பு செய்தது அதற்கே தெரியும்’ என்பார்கள். அது உங்கள் முகத்தைப் பார்த்து வரும் பணிவுதான்.

பயிற்சி வார நாட்களில் நடக்கவேண்டும். முதல் சில நாட்கள் கிளம்பும் அடையாளங்களை மட்டும் வெறுமனே செய்யுங்கள். ஆராதனைக்குப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையையும் சாவியையும் எடுத்து, அப்படியே உட்கார்ந்து படியுங்கள். நாளுக்கு 5, 6 முறை செய்தால் சாவிச் சத்தத்துக்கு அது தலை தூக்குவதை நிறுத்திவிடும். அப்புறம் வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள்: 5 விநாடி, 10 விநாடி, அரை நிமிடம், 2 நிமிடம். முனகத் தொடங்கும் முன்பே உள்ளே வந்துவிடவேண்டும்; பயம் வந்தபிறகு வந்தால் அன்றைய முயற்சி வீண். முனகினால் அடுத்த முறை பாதி நேரம் போதும். நேரம் ஏறிக்கொண்டே போகாமல் இடையிடையே குறையவும் வேண்டும். முதல் 40 நிமிடம்தான் கடினமான ஏற்றம். அதைத் தாண்டிய நாய்க்கு 15 நிமிடம், அரை மணி என்று கூட்டிக்கொண்டு போகலாம். இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். கதவுக்கு வெளியே சும்மா நிற்காதீர்கள். பாடக்குறிப்பு அட்டைகளோடு படிக்கட்டில் உட்காருங்கள். உங்கள் படிப்பு நேரமும் அதுதான்.

பயிற்சி முடியும்வரை அதைத் தாங்கும் அளவுக்கு மேல் தனியே விடக்கூடாது. ஒரே ஒரு ஞாயிறு 3 மணி நேரம் அலறவிட்டாலும் வாரமெல்லாம் கட்டியது சரிந்துவிடும். உங்கள் சபையில் இரண்டு ஆராதனை நடந்தால் ஒருவர் முதலாவதற்கும் மற்றவர் இரண்டாவதற்கும் போங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாறிப் போங்கள், அல்லது நாய்க்குப் பழகிய ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். சேர்ந்து போகாத சில வாரங்கள் மனதுக்குக் கஷ்டம்தான். இதைச் சுற்றிப் போக வேறு வழி கிடையாது. கூண்டில் அடைத்தால் பீதி கூடும். பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதும் பெரும்பாலும் பலிக்காது, அது ஏங்குவது மனிதருக்கு. இரண்டு வாரத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். பயத்தைத் தணிக்கும் மருந்தோடு சேர்த்தால்தான் சில நாய்களுக்குப் பயிற்சி ஏறும்.

பூனைகள் இயல்பாகவே விடியலிலும் அந்தியிலும் துள்ளும் பிராணிகள். 4 மணிக்கு நீங்கள் எழுந்து கிண்ணத்தை நிரப்பும் ஒவ்வொரு முறையும், கத்தினால் சாப்பாடு வரும் என்ற பாடம் உறுதியாகிறது. படுக்குமுன் 10 நிமிடம் கோலில் கட்டிய இறகால் விளையாட்டுக் காட்டுங்கள், கடைசியில் அதைப் பிடிக்க விடுங்கள், பிறகு நாளின் கடைசிச் சாப்பாடு. வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பதுதான் அவற்றின் வரிசை. காலைச் சாப்பாட்டை நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணத்திடம் விட்டுவிடுங்கள். நச்சரிக்க அப்போது ஆள் இருக்காது. நீங்கள் கண்டுகொள்வதை நிறுத்தியதும் முதல் சில நாட்கள் கத்தல் கூடும். அப்போது ஒருமுறை விட்டுக்கொடுத்தாலும், அதிகமாகக் கத்தினால் பலன் உண்டு என்று கற்றுக்கொள்ளும்.

புத்தகத்தின்மேல் படுக்கும் பூனைக்கு மேசையிலேயே, அதே உயரத்தில், துண்டு விரித்த அட்டைப்பெட்டி ஒன்று வையுங்கள். அது கேட்பது உங்கள் பக்கமும் கவனமும்தான், மடிக்கணினியாக இருந்தால் கூடவே சூடும். புத்தகத்தில் ஏறினால் பேசாமல், தடவாமல் எடுத்துப் பெட்டியில் வையுங்கள். பெட்டியில் இருக்கும்போது மட்டும் தடவுங்கள். பூனைகள் கழிப்பறையாகப் பயன்படுத்தும் மணல்தட்டு இரண்டு பூனைக்கு மூன்று வேண்டும், தினமும் அள்ளவேண்டும்.

படிப்புக்கு நாயின் காலை நடைக்குப் பிறகான நேரத்தைப் பிடியுங்கள். 30, 40 நிமிடம் இஷ்டம்போல் மோப்பம் பிடிக்க விட்ட நாய் வீடு வந்ததும் சுருண்டுவிடும். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. அதில் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். அதே பாடத்தை மறுநாளும், சில நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் இப்படி எழுதிப் பார்த்தால் தேர்வில் நிற்கும்.

வெள்ளி மாலை முதல் ஆள் வருமுன்பே நாய் உள்ளறையில் இருக்கட்டும், உள்ளே தின்பண்டம் அடைத்து உறையவைத்த ரப்பர் பொம்மையோடு. எல்லோரும் உட்கார்ந்தபின் வாரில் கட்டி அழைத்து வரலாம். பாட்டுக்கு அது சேர்ந்து ஊளையிட்டால் பதற வேண்டாம், நீட்டி இழுக்கும் சுரத்துக்குப் பல நாய்கள் அப்படிக் குரல் கொடுக்கும்.

உங்கள் இருவருக்குள் வேலையைப் பிரிக்கும்போது ‘உதவி செய்’ என்று கேட்காமல் முழு வேலையாகக் கைமாற்றுங்கள். காலை நடை அவருடையது என்றால் வாரும் பையும் எங்கே என்பதும் அவர் கவலை. புதன் மாலை அவர் இல்லாததால் அன்று பூனை விளையாட்டு உங்கள் தலையில். பதிலுக்கு வேறொரு மாலையின் வேலை முழுக்க அவருக்குப் போகட்டும். சோபாவில் ஏறலாமா கூடாதா என்பதில் மட்டும் இருவரும் ஒரே பதில் வைத்திருங்கள். ஒருவர் அனுமதித்து மற்றவர் தடுத்தால் நாய் எப்போதும் முயன்றுகொண்டேதான் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். ஈஸ்டருக்கு ஆலயத்தில் வைத்த லில்லிப் பூக்களைப் பிறகு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள். இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தை 1 முதல் 3 நாளில் செயலிழக்கச் செய்துவிடும். பூ அலங்காரத்துக்குப் போய்வந்த நாளில் உடையில் ஒட்டிய மகரந்தமே ஆபத்து, பூனை உரசிவிட்டு ரோமத்தை நக்கும். உடனே உடை மாற்றுங்கள். நக்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.